மாட்யூல் ஜாவா மக்கர் பண்ணும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையோரத்தில் வீட்டிலிருந்தபடியே ஜாவா எழுதுகிறவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். சிலர் சென்னைக் கம்பெனிகளுக்கு எழுதுகிறார்கள், சிலர் எங்களைப் போல உள்ளூர் ஏலக்கடைக்கும் ஐஸ் கம்பெனிக்கும். யார் போன் போட்டாலும் கேள்வி சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

மாட்யூலாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்த ஜாவாவில் கோடு எழுத ஆகும் நேரம் கொஞ்சம்தான். எழுதியதை ஓட்டிப் பார்ப்பதற்குள் மாலை ஆகிவிடுகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: இப்போது ஓடுவது எந்தப் பிரதி, அது எந்தப் பாதையிலிருந்து வந்தது என்று தெரியாமலே நாம் திருத்திக்கொண்டிருப்பது. கீழே எந்த அறிகுறிக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஏலக்கடைக் கணக்கு. படகு, ஏலம், பிடித்தம், ரசீது, அச்சு என்று ஐந்து மாட்யூல். இவற்றை இழுத்து ஓட்டும் கடை என்று ஒரு முதன்மை மாட்யூல். படகு கரை சேர்ந்ததும் மீன் ஏலம் போகிறது. ஏலத்தொகையில் தரகு, ஐஸ், டீசல் முன்பணம் எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சத்துக்கு ரசீது அடிக்கிறோம். மேவன் என்ற தொகுக்கும் கருவியில் கட்டுகிறோம்; ஒவ்வொரு மாட்யூலும் ஜார் என்ற ஒற்றைக் கோப்பாகும். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கோடை மாற்றியாயிற்று, ஓட்டினால் பழையதே வருகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். தேவிபட்டினத்தில் இருந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவருடன் நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது:

“அண்ணே, ஐஸ் பிடித்தத்தை மாத்திட்டேன். ரசீதுல பழைய தொகைதான் விழுது.”

“பிடித்தம் எந்த ஜார்ல இருந்து வருதுன்னு பாத்தியா தம்பி?”

“மேவன் க்ளீன் போட்டுட்டேன்ணே.”

“க்ளீன் உன் டார்கெட் ஃபோல்டரத்தான் தொடைக்கும். எம்2-ல கிடக்கிறத யாரு தொடைக்கிறது?”

நடந்தது இவ்வளவுதான். எப்போதோ ஒருமுறை மேவன் இன்ஸ்டால் போட்டிருக்கிறார். அப்போது எல்லா மாட்யூலின் ஜாரும் வீட்டு அடைவில் உள்ள .எம்2 களஞ்சியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. பிறகு கடை மாட்யூலை மட்டும் தனியாகக் கட்டுகிறார். மேவன் தன் கையில் உள்ள பட்டியலில் பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்கிறது, இல்லை. உடனே எம்2-க்குப் போய் அங்கே கிடக்கும் பழைய ஜாரை எடுத்து வந்துவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது, பில்ட் சக்சஸ் என்று பச்சையாகக் காட்டும். பெட்டிக்கு மேலே புது ஐஸ் போட்டால் அடியில் கிடக்கும் நேற்றைய சூடை மீன் இன்றைய மீன் ஆகிவிடாது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஓட்டும் கட்டளையில் --ஷோ-மாட்யூல்-ரெசல்யூஷன் என்பதைச் சேருங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொரு மாட்யூலும் யாருக்காக எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று வரி வரியாகக் கொட்டும். பிடித்தம் என்ற பெயர் உள்ள வரியின் கடைசியில் ஒரு கோப்புப் பாதை இருக்கும். அது டார்கெட்/கிளாசஸ் என்று முடிந்தால் நீங்கள் இப்போது எழுதியது. நடுவில் .எம்2/ரெப்பாசிடரி என்று வந்தால் பழசு. நிரலுக்குள்ளேயே பார்க்க வேண்டுமானால், சந்தேகப்படும் கிளாஸின் ப்ரொடெக்ஷன் டொமைனைக் கேட்டு, அதிலிருந்து கோட் சோர்ஸ், அதிலிருந்து லொகேஷன் என்று வாங்கி அச்சிட்டால் போதும்.

தீர்வு மூன்று படி. ஒன்று, தினசரி வேலைக்கு இன்ஸ்டால் வேண்டாம்; வெரிஃபை (கட்டிச் சோதிப்பதோடு நிற்கும் கட்டளை) போதும். வேறு திட்டம் ஏதாவது உங்கள் ஜாரைக் கேட்டால் மட்டுமே இன்ஸ்டாலுக்கு வேலை. இரண்டு, ஒரு மாட்யூலை மட்டும் கட்டும்போது மேல் அடைவில் நின்றுகொண்டு -பிஎல் கடை -ஏஎம் என்று கொடுங்கள். -பிஎல் என்பது எதைக் கட்டுவது. -ஏஎம் என்பது அது நம்பியிருக்கிற நம்முடைய மற்ற மாட்யூல்களையும் சேர்த்துக் கட்டு என்பது. தலைகீழாக, பிடித்தத்தைத் தொட்டதால் எவையெல்லாம் உடைகின்றன என்று பார்க்க -ஏஎம்டி. மூன்று, எம்2-க்குள் உங்கள் குழுப் பெயரில் இருக்கும் அடைவை ஒருமுறை அழித்துவிடுங்கள். பிறகு தப்பாகக் கட்டினால் மேவன் கத்தும். பழையதைக் கமுக்கமாக எடுத்து வருவதைவிட அது எவ்வளவோ தேவலை.

ஓட்டுவதற்கு ஜாரே வேண்டாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாட்யூல் பாதையில் (மாட்யூல்களை ஜாவா தேடும் இடங்களின் பட்டியல்) ஒவ்வொரு மாட்யூலின் டார்கெட்/கிளாசஸ் அடைவையும் நேரடியாகக் கொடுக்கலாம். உள்ளே மாட்யூல்-இன்ஃபோ (மாட்யூலின் பெயரும் தேவைகளும் எழுதிய கோப்பு) கம்பைல் ஆகி இருந்தால் ஜாவா அதை முழு மாட்யூலாகவே எடுத்துக்கொள்ளும். அந்த நீளமான பாதையை ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஜாவா என்று அடித்து @ குறியுடன் கோப்புப் பெயரைக் கொடுத்தால் போதும். ஜாவா 9 முதல் இந்த வசதி உண்டு. வெளி நூலகங்களை மேவனின் காப்பி-டிபெண்டன்சீஸ் கொண்டு ஒரு லிப் அடைவுக்கு எடுத்துப் போடுங்கள். அப்போது எக்ஸ்க்ளூட்-குரூப்-ஐடிஸ் என்ற இடத்தில் உங்கள் குழுப் பெயரைத் தர மறக்க வேண்டாம். மறந்தால் உங்கள் ஜார்களும் லிப்புக்குள் வந்து உட்காரும். மாட்யூல் பாதையில் ஒரே பெயர் இரண்டு அடைவில் இருந்தால் முதலில் வருவதுதான் செல்லும், இரண்டாவது சத்தமில்லாமல் ஒதுக்கப்படும். ஒரே அடைவுக்குள் இரண்டு பதிப்பு இருந்தால் மட்டும், ‘டூ வெர்ஷன்ஸ் ஆஃப் மாட்யூல்’ என்று பிழை காட்டி நிற்கும்.

மேவனுக்குப் பதில் கிரேடில் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் உள் மாட்யூல்களை அது எம்2 வழியாகத் தேடுவதில்லை. அப்படியும் வந்தால் ரெப்பாசிடரி பட்டியலில் மேவன்-லோக்கல் என்று யாராவது சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். இன்டெல்லிஜே, எக்லிப்ஸ் ஆகிய ஐடிஇ (கோடு எழுதும் செயலி) இரண்டிலும் முழுத் திட்டத்தையும் மேல் அடைவிலிருந்து திறக்க வேண்டும். ஒரு மாட்யூலை மட்டும் தனித் திட்டமாகத் திறந்தால் மற்றதெல்லாம் எம்2-விலிருந்துதான் வரும்.

அறிகுறி: மாட்யூல் நாட் ஃபவுண்ட்

மேவனின் அமைப்புக் கோப்பான போமில் நூலகத்தைச் சேர்த்திருக்கிறோம், ஆனாலும் காணவில்லை என்கிறது. முக்கால்வாசி நேரம் பெயர்தான் பொருந்தவில்லை. மேவனில் நாம் எழுதும் பெயர் வேறு, மாட்யூல் பெயர் வேறு. மாட்யூல்-இன்ஃபோ இல்லாத ஜாருக்கு ஜாவா தானாக ஒரு பெயர் வைக்கும்: ஜாரின் மேனிஃபெஸ்டில் (உள்ளே இருக்கும் விவரக் கோப்பு) ஆட்டோமேட்டிக்-மாட்யூல்-நேம் இருந்தால் அது, இல்லாவிட்டால் கோப்புப் பெயரிலிருந்து பதிப்பு எண்ணை வெட்டி, சிறுகோடுகளை (-) புள்ளியாக்கிய பெயர். காமன்ஸ் லாங் நூலகத்தின் கோப்புப் பெயரைப் பார்த்து காமன்ஸ்.லாங்3 என்று எழுதுவார்கள். அதன் உண்மையான பெயர் ஆர்க்.அப்பாச்சி.காமன்ஸ்.லாங்3. ஊகிக்கவே வேண்டாம். ஜார் --டிஸ்கிரைப்-மாட்யூல் --ஃபைல் என்று கொடுத்துக் கோப்பைக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடும்.

பழைய திட்டத்தை எடுத்து வந்தவர்களுக்கு ஜாவா.எக்ஸ்எம்எல்.பைண்ட் காணவில்லை என்று வரும். அது 2018-இல் வந்த ஜாவா 11-லேயே நீக்கப்பட்டுவிட்டது. வெளி நூலகமாகச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: ஒரே பேக்கேஜ் இரண்டு மாட்யூலில் இருக்கிறது என்கிறது

மாட்யூல் வருவதற்கு முந்தைய கிளாஸ் பாதை காலத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை. மாட்யூலில் ஒரு பேக்கேஜுக்கு (கிளாஸ்களின் தொகுப்பு) ஒரே சொந்தக்காரர்தான். ஏலத்திலும் ரசீதிலும் ‘பொது’ என்று ஒரே பெயரில் பேக்கேஜ் வைத்திருப்போம், அங்கே முட்டும். ஒன்றின் பெயரை மாற்றுங்கள், அல்லது இரண்டுக்கும் பொதுவானதைத் தனி மாட்யூலாக்குங்கள். முட்டுவது இரண்டு வெளி நூலகங்கள் என்றால், ஒன்று மற்றொன்றின் பழைய பதிப்பாகவோ பெயர் மாறிய பிரதியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மேவனின் டிபெண்டன்சி ட்ரீ அதை யார் இழுத்து வந்தது என்று காட்டும்.

அறிகுறி: ஐடிஇ-யில் ஓடுகிறது, வெளியே இன்ஆக்சசிபிள் ஆப்ஜெக்ட் எக்செப்ஷன்

பிழைச் செய்தியைப் பார்த்ததும் பயந்து வலையில் தேடி, கிடைத்த --ஆட்-ஓபன்ஸ் வரிகளை எல்லாம் ஒட்டுகிறவர்கள் அதிகம். கொஞ்சம் பொறுத்து அந்தச் செய்தியை முழுக்கப் படியுங்கள். அதில் மூன்று பெயர் இருக்கும்: எந்த மாட்யூல், எந்த பேக்கேஜை, யாருக்குத் திறக்கவில்லை. மூன்றும் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும்.

முதல் பெயர் உங்கள் மாட்யூலாக இருந்தால், அதாவது ரசீது மாட்யூல் தன் தரவு பேக்கேஜை ஜாக்சன் நூலகத்துக்குத் திறக்கவில்லை என்று வந்தால், மாட்யூல்-இன்ஃபோவில் ஓபன்ஸ் வரி ஒன்று எழுதுங்கள். ‘டு’ போட்டு ஜாக்சனின் டேட்டாபைண்ட் மாட்யூலுக்கு மட்டும் திறந்தால் போதும். எக்ஸ்போர்ட்ஸ் எழுதியிருக்கிறேனே என்பார்கள். எக்ஸ்போர்ட்ஸ் வெளிப்படையான பப்ளிக் கிளாஸ்களுக்கு மட்டுமே செல்லும். பிரைவேட் புலங்களை ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்ளே பார்க்கும் வசதி) வழியாகத் தொட ஓபன்ஸ்தான் வேண்டும்.

முதல் பெயர் ஜாவா.பேஸ் என்று இருந்தால் உங்கள் கோடில் தேட வேண்டாம், ஏதோ ஒரு பழைய நூலகம் ஜாவாவின் மூலப் பொதியான ஜேடிகேயின் வயிற்றுக்குள் கை விடுகிறது. 2017-இல் ஜாவா 9 வந்தபோது இதற்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். ஜாவா 16-இல் இயல்பாகவே மறுக்கத் தொடங்கி, 2021 செப்டம்பரில் வந்த 17-இல் அதைத் தளர்த்தும் விருப்பத்தையும் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். நூலகத்தைப் புதுப்பியுங்கள். --ஆட்-ஓபன்ஸ் அதுவரைக்கும் தாங்கும் முட்டு, அவ்வளவே.

சரி, ஐடிஇ-யில் மட்டும் ஏன் ஓடியது? அது கிளாஸ் பாதையில் ஓட்டியிருக்கும். கிளாஸ் பாதையில் மாட்யூல்-இன்ஃபோவை யாரும் மதிப்பதில்லை. உங்கள் மாட்யூல்களின் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே மாட்யூல் பாதையில் ஓட்டிப் பழகுங்கள். வெளியீட்டுக்கு முந்தின இரவில் மாறினால் எல்லாப் பிழையும் ஒன்றாகக் கிளம்பும். சோதனைகளுக்கும் இதே கதைதான்: மேவனில் சோதனைகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயரில் யூஸ்-மாட்யூல்-பாத் என்பதை ஃபால்ஸ் என்று வைத்திருந்தால், சோதனை பச்சையாக இருப்பது மாட்யூல் சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை

கீழக்கரை ஏலக்கடையில் உட்கார்ந்திருக்கும் காக்காவுக்கு (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) மாட்யூலாவது மண்ணாவது. ரசீது வரவில்லை என்றால் போன் அடிப்பார். எங்கள் அமைப்பில் ரசீது மாட்யூலுக்கு எந்த அச்சுப்பொறி என்று தெரியாது. சர்வீஸ் லோடரிடம் கேட்கும்; அச்சு மாட்யூல் தெர்மல் பிரின்டருக்கான கிளாஸைக் கொடுக்கும். கொடுக்க ஆளில்லை என்றால் சர்வீஸ் லோடர் கத்தாது, வெற்றுப் பட்டியலைத் திருப்பிவிட்டுப் போய்விடும். அதனால் பட்டியல் காலியாக இருந்தால் உரக்கப் பிழை சொல்லும் இரண்டு வரியை நீங்களே எழுதி வையுங்கள். மற்ற எதற்கும் முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

பிறகு காரணம் தேடலாம். மெட்டா-இன்ஃப் அடைவில் சர்வீசஸ் கோப்பு வைத்திருக்கிறேன், கிளாஸ் பாதையில் வேலை செய்தது என்பார்கள். மாட்யூல்-இன்ஃபோ எழுதிய மாட்யூலில் அந்தக் கோப்பு கணக்கில் வராது. ப்ரொவைட்ஸ் வரிதான் வேண்டும். கேட்கும் பக்கத்தில் யூசஸ் வரி விட்டுப்போனால் அது வேறு, அதற்குச் சர்வீஸ் கான்ஃபிகரேஷன் எரர் என்று வெளிப்படையாகவே வரும்.

இரண்டும் இருந்தும், உங்கள் கணினியில் ஓடி, ஜேலிங்க் (ஜாவாவும் மாட்யூல்களும் சேர்ந்த பொதி கட்டும் கருவி) கொண்டு கட்டிய பொதியில் மட்டும் அச்சு வரவில்லையா? ஜேலிங்க் ரிக்வயர்ஸ் (இந்த மாட்யூல் தேவை என்று அறிவிக்கும் வரி) சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் போகும். அச்சு மாட்யூலை யாரும் ரிக்வயர்ஸ் செய்யவில்லை, ஆகவே பொதிக்குள் வரவில்லை. --பைண்ட்-சர்வீசஸ் போட்டால் வரும். கூடவே ஜேடிகேயில் உள்ள தேவையில்லாத சர்வீஸ்களும் கும்பலாக ஏறிப் பொதி பெருத்துவிடும். --ஆட்-மாட்யூல்ஸ் என்பதில் அச்சு மாட்யூலின் பெயரைச் சேர்ப்பதே நல்லது.

அறிகுறி: நெட் போனால் பில்டும் போகிறது

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் கரன்ட்டும் சிக்னலும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நாளை மனதில் வைத்தே கணினியைத் தயார் செய்ய வேண்டும்.

மேவனுக்கு -ஓ, கிரேடிலுக்கு --ஆஃப்லைன். நெட் இருக்கும்போதே டிபெண்டன்சி ப்ளகினின் கோ-ஆஃப்லைன் ஓட்டி வைக்கச் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். ஷ்யூர்ஃபயர் போன்ற ப்ளகின்கள், சோதனை நூலகமான ஜேயூனிட்டை ஓட்டத் தேவையான துணை ஜாரைச் சோதனை ஓடும் நேரத்தில்தான் இறக்கும். கோ-ஆஃப்லைனுக்கு அது தெரியாது. நெட் இருக்கும்போது முழு வெரிஃபை ஒன்று, உடனே -ஓ போட்டு இன்னொன்று. இரண்டாவது தேறினால் நிம்மதி.

நெட் திரும்பி வந்த பிறகும் ‘முந்தைய முயற்சியில் கிடைக்கவில்லை, அது பதிவாகிவிட்டது’ என்ற பொருளில் மேவன் அடம் பிடிக்கும். தோல்வியையும் அது லாஸ்ட்அப்டேட்டட் என்று முடியும் கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. பெரிய எழுத்தில் -யூ கொடுங்கள், மறுபடி தேடும்.

இதைவிடக் குழப்பமானது பாதியில் அறுந்த பதிவிறக்கம். ‘ஜிப் எண்ட் ஹெடர் நாட் ஃபவுண்ட்’ அல்லது ‘இன்வேலிட் எல்ஓசி ஹெடர்’ என்று வந்தால் ஏதோ ஒரு ஜார் முழுதாக வந்து சேரவில்லை. செய்தியிலேயே கோப்பின் பெயர் இருக்கும். எம்2-க்குள் அந்தப் பதிப்பின் அடைவை மட்டும் அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். எம்2 முழுவதையும் அழிக்கச் சொல்லும் அறிவுரையை மொபைல் டேட்டாவில் இருக்கும்போது பின்பற்றாதீர்கள்.

காலையில் முதல் பில்ட் மட்டும் இழுக்கிறதா? ஸ்னாப்ஷாட் (இன்னும் முடிவாகாத) பதிப்புகளுக்குப் புதிது வந்திருக்கிறதா என்று மேவன் இயல்பாக நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும். -என்எஸ்யூ அதை நிறுத்தும்.

தங்கச்சிமடத்து நண்பருக்குப் பென்டிரைவில் எம்2-ஐ நகலெடுத்துக் கொடுப்பதும் நடக்கிறதுதான். ஜார் கண்ணெதிரே இருக்க, இல்லை என்று மேவன் சாதித்தால் பக்கத்தில் இருக்கும் _ரிமோட்.ரெப்பாசிடரீஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்ற அடையாளப் பெயர் அதில் இருக்கும். இரண்டு கணினியின் செட்டிங்ஸ் கோப்பிலும் மிரர் பெயர் வேறாக இருந்தால் மேவன் அந்த ஜாரை ஏற்காது. செட்டிங்ஸையும் சேர்த்தே நகலெடுங்கள்.

அறிகுறி: சின்ன மாற்றத்துக்கும் நெடுநேரக் காத்திருப்பு

மேலே சொன்ன -பிஎல் -ஏஎம் பழகினாலே பாதி தீரும். மிச்சத்துக்கு -டி 1சி, இரண்டு எழுத்தும் பெரியது: ஒரு சிபியு கோருக்கு ஓர் இழை என்று மாட்யூல்களை இணையாகக் கட்டும். 8 ஜிபி கணினியில் ஐடிஇ, பிரவுசர் எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு இதைப் போட்டால் மெமரி திணறும். அங்கே நேராக -டி 2 என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

டீபக்கரில் ஓடும்போதே கோடை மாற்றும் ஹாட்ஸ்வாப் நல்ல வசதி, எல்லையோடு. மெத்தடின் உள்ளுடலை மாற்றினால் ஏற்கும். புது மெத்தட், புது புலம் சேர்த்தால் மறுக்கும். பிடித்தத்தின் கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி வேலைகளுக்கு அது போதும்.

மாட்யூல் எல்லைகளையே மாற்றி அமைக்கும் பெரிய வேலைக்கு எங்கள் பக்கத்தில் காலண்டர் தானாகவே இடம் கொடுக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு வரவு மட்டும். கணக்கு குறைவு, போனும் குறைவு.

அறிகுறி: ஜேலிங்க் பொதி கட்ட மறுக்கிறது

ஆட்டோமேட்டிக் மாட்யூலை ஜேலிங்க் ஏற்காது. மாட்யூல்-இன்ஃபோ இல்லாத ஒரு ஜார் சங்கிலியில் இருந்தாலும் நிறுத்திவிடும். அந்த ஜாருக்கு நாமே மாட்யூல்-இன்ஃபோ செய்து ஒட்டும் கருவிகள் உண்டு; சின்னக் குழுவுக்கு அந்தப் பாடு தேவையில்லை என்பது என் கருத்து. ஜேடெப்ஸின் --பிரின்ட்-மாட்யூல்-டெப்ஸ் கொண்டு எந்த ஜேடிகே மாட்யூல்கள் தேவை என்று எடுத்து, அவற்றை மட்டும் வைத்து ஜேலிங்க்கில் ஒரு சிறிய ரன்டைம் கட்டுங்கள். உங்கள் மாட்யூல்களும் வெளி ஜார்களும் பக்கத்தில் லிப் அடைவில் இருக்கட்டும். அடுத்த திருத்தத்துக்கு ரன்டைமை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. மாறிய ஜார் மட்டும் வாட்ஸ்அப்பில் போய்விடும். அங்கே பழைய பதிப்பு ஜாரை அழிக்காமல் புதியதை மட்டும் போட்டால் முன்னே சொன்ன ‘டூ வெர்ஷன்ஸ்’ பிழை வரும், அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் லினக்ஸில் எழுத, ஏலக்கடைக் கணினி விண்டோஸ் என்றால், விண்டோஸ் ஜேடிகேயை இறக்கி அதன் ஜேமாட்ஸ் அடைவை ஜேலிங்க்கின் மாட்யூல் பாதையில் கொடுங்கள். லினக்ஸிலிருந்தே விண்டோஸ் ரன்டைம் கட்டும். இரண்டு ஜேடிகேயும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிப்பு பொருந்தவில்லை என்று நிற்கும். இன்ஸ்டாலர் செய்து தரும் ஜேபேக்கேஜ் மட்டும் இப்படிக் கடல் தாண்டாது. விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு விண்டோஸில்தான் ஓட்டியாக வேண்டும். கடைக் கணினியிலேயே இரவு ஏலம் முடிந்த பிறகு ஓட்டிக்கொள்ளலாம்.